துணியில் தங்கியது

பதினொன்று ஐந்துக்குத் தொட்டியில் இறக்கினேன். தண்ணீர் எழுபது டிகிரியில் தொண்ணூறு நிமிடம் நிற்க வேண்டும், பன்னிரண்டு முப்பத்தைந்துக்குச் சூட்டைக் கூட்டிக் கொதிக்கவிட வேண்டும், அதுவரை எனக்கு வேலையில்லை, வேலையில்லாமல் உட்காருவதைப் போல எனக்குக் கெடுதல் வேறில்லை. தண்ணீருக்குள் கிளாம்ப் போட்டு இறுக்கிய பித்தளைப் பெட்டி. அதற்குள் பிளாஸ்டர், பிளாஸ்டருக்குள் நாச்சிமுத்து என்கிற மனிதரின் கீழ்த்தாடைப் பல்செட், பல்செட்டின் அடியில் சற்றுமுன் நான் அடைத்த பசை. வெந்து முடிந்ததும் அது மெத்தை மாதிரி மிருதுவான அடுக்காக வரவேண்டும். வராது. கல்லுக்கும் ரப்பருக்கும் நடுவில் ஏதோ ஒன்றாக, உள்ளே பொடிப்பொடி ஓட்டைகளோடு வரும். இது இந்தக் கல்லூரியில் எனக்கு மட்டும் தெரியும். இன்று சாயங்காலமே அதை அவர் வாயில் மாட்டுவார்கள், நாலு நாளில் ஈறு புண்ணாகும், சர்க்கரைக்காரர், புண் ஆறாது. இதெல்லாம் தெரிந்தும் நான் கைகளைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அறுபத்தொன்பது. அறுபத்தொன்பதிலேயே நிற்கிறது சனியன். கலக்கும்போதே கரண்டி சொல்லிவிட்டது. இருபத்தெட்டு வருஷமாகப் பொடியையும் திரவத்தையும் கலக்கிற கைக்கு மாவு தளர்கிறதா வறள்கிறதா என்று கண் பார்க்கத் தேவையில்லை. இன்று கரண்டிக்கு அடியில் ஈர மணல் நெரிந்தது. பக்கத்தில் டாக்டர் வசுந்தரா நின்றார், துறைத் தலைவர், நாலு தசமம் காட்டுகிற தராசில் நானோ பொடியைத் தன் கையாலேயே நிறுத்து, சரியாக ரெண்டு சதவீதம் என்று சொல்லிக் கொட்டினார். அவருக்கு அந்த நெரிவு கேட்கவில்லையா? கேட்காது. அவருக்குக் காகிதத்தில் இருப்பது கேட்கும். காகிதத்தில் ரெண்டு சதவீதம்தான் எல்லாவற்றிலும் சிறந்தது, மிருது குறையாது, பூஞ்சை அண்டாது, பல்செட்டிலிருந்து பிரிந்து வராது. அச்சாகிவிட்டது. அச்சானதை யார் கேள்வி கேட்பது, பல் மெக்கானிக் கேட்பதா?

காலையில் நாச்சிமுத்துவும் இந்த மெக்கானிக் பேச்சைத்தான் எடுத்தார். வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், பல்செட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டதால் கன்னம் இரண்டும் உள்ளே போய், துண்டால் வாயை மூடிக்கொண்டு, துண்டுக்குள்ளிருந்தே பேசினார். "நீங்க டாக்டருங்களா?" இல்லை, டெண்டல் மெக்கானிக் என்றேன். "அட, பல்லுக்கும் மெக்கானிக் உண்டுங்களா? அப்ப எனக்கு அடியில டயர் ஒட்டறதுதான் உங்க வேலை." சிரித்தார், தோள்தான் குலுங்கியது, வாயைக் காட்டவில்லை. வாழைத்தார் மண்டியில் ஏலம் கூவுகிறவராம், முப்பத்தாறு வருஷம், வெள்ளிக்கிழமை கூடுகிற ஏலத்தில் இவர் குரல்தான் கேட்கவேண்டுமாம். "பூவன் தாரு நூத்தம்பதுன்னு கத்துனா செட்டு வெளிய குதிக்குதுங்க. போன மாசம் ஒரு ஏவாரி அதைக் கையில புடிச்சு, இது எத்தனைக்குப் போகுதுன்னு கேட்டுப்போட்டான். அத்தனை பேரும் சிரிக்கறான். எனக்கு நெம்ப அவமானமாப் போச்சு." அவருடைய கீழ்த்தாடை எலும்பு கரைந்து கத்தி முனை மாதிரி ஆகிவிட்டது, அதன்மேல் கெட்டியான பல்செட் உட்கார்ந்தால் வலிக்கும், அதற்குத்தான் அடியில் மிருதுவான அடுக்கு, ஆனால் அந்த மிருதுவில் ஆறு மாதத்தில் பூஞ்சை பிடித்துவிடும், அதற்குத்தான் துத்தநாக நானோ பொடி, பூஞ்சைக்கு ஆகாதது. எல்லாம் சரியான யோசனை. யோசனையில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. "டாக்டரம்மா சொன்னாங்க, இது புது மருந்து போட்டது, முதல் ஆளு நான்தான்னு. வெள்ளிக்கிழமைக்குள்ள கிடைச்சுருமில்லீங்க?" கிடைத்துவிடும் என்றேன். அப்போது இன்னும் கலக்கவில்லை, அதனால் அது பொய் இல்லை. இப்படித்தான் நான் கணக்கு வைத்துக்கொள்கிறேன், எந்த நிமிடத்தில் எது பொய்யில்லை என்று. அவர் வீட்டுக்குப் போகவில்லை. பல்லில்லாமல் பஸ்ஸில் ஏற வெட்கமாம், இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார், இப்போதும் வெளியே இருக்கிறார், அவர் இருமுவது இங்கே கேட்கிறது. அந்த இருமல் மேல்கூட எனக்குக் கோபம் வருகிறது. அவர் என்ன செய்தார் எனக்கு.

எழுபது. எழுபத்தொன்று. குமிழைக் கொஞ்சம் திருப்பினேன். பவித்ரன்மேல்தான் கோபப்படவேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் இதே மேசையில் அந்தப் பையன், பையன் என்ன, டாக்டர், மேல்படிப்புக்காரன், "சவுந்தரண்ணா, நாலு குரூப், குரூப்புக்குப் பத்து, மொத்தம் நாப்பது சாம்பிள், உங்க கைதான் எனக்குக் கடவுள்" என்றான். காலையில் பேக்கரி பப்ஸ் வாங்கி வருவான். முதல் குரூப் பொடி இல்லாதது, அடுத்தது அரை சதவீதம், ஒன்று, ரெண்டு. முதல் மூன்றும் கண்ணாடி மாதிரி வந்தன. ரெண்டு சதவீதம் மட்டும் கேவலமாக வந்தது, பொடி ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு, வெள்ளைப் புள்ளியும் ஓட்டையுமாக, அம்மைத் தழும்பு மாதிரி. அந்த நானோ பொடியை எந்தக் கருவியில் போட்டுக் குலுக்கினாலும் காற்றில் ஈரம் பட்டதும் மறுபடி ஒட்டிக்கொள்ளும், இது அவன் படித்த புத்தகத்தில் இருக்கும், எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்தப் பத்தையும் பார்த்துவிட்டு அவன் ஒன்றும் திட்டவில்லை. "அண்ணா, கை தவறிப்போச்சா?" என்றான். அவ்வளவுதான். கை தவறிப்போச்சா. எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. இந்தக் கை தவறியதில்லை, தம்பி, நீ பால்பல் முளைக்கும்போது இந்தக் கை செட்டு கட்டிக்கொண்டிருந்தது, என்று சொல்லவில்லை, நாளைக்குச் செய்து தருகிறேன் என்றேன். மறுநாள் திரவம் ஊற்றுமுன் பொடிக் கலவையைச் சலித்தேன். பிளாஸ்டரைச் சலிக்காமல் எவனும் கலக்கமாட்டான், கட்டி விழுந்த பிளாஸ்டரில் அச்சு எடுத்தால் முகத்தில் துப்புவார்கள், எனக்கு வேலை கற்பித்த இடத்தில் முதல் நாள் சொன்னதே சலி என்பதுதான். வீட்டிலிருந்து கொண்டுவந்த நைலக்ஸ் சேலைத் துண்டு, என் மனைவி கலாவதியின் பழைய சேலை, மேசை டிராயரில் எப்போதும் இருக்கும். அதில் போட்டுத் தட்டினேன். லைனர், அதுதான் அந்த மெத்தை அடுக்குக்கான பொடி, தூள் சர்க்கரை மாதிரி இறங்கிவிட்டது. துணிமேல் வெள்ளை வெள்ளையாகச் சின்ன உருண்டைகள் தங்கின. தட்டினேன், குப்பையில் போட்டேன். இறங்கியதைக் கலந்தேன், வெண்ணெய். பத்தும் முத்து மாதிரி. ஊசி வைத்து அமுக்கிப் பார்க்கிற கருவியில் பொடி இல்லாததைப் போலவே மிருது. இழுத்துப் பார்க்கிற இயந்திரத்தில் மற்ற எல்லாவற்றையும்விட உறுதி. பூஞ்சை வளர்த்துப் பார்க்கிற தட்டில்கூட நல்ல பலன், துளி உள்ளே போயிருந்தாலும் அந்தப் பொடி வேலை செய்யும் போலிருக்கிறது. பவித்ரன் என்னைக் கட்டிப்பிடித்தான். தங்க மெடல் வாங்கினான். ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் ஆய்வகப் பணியாளர்களுக்கும் நன்றி என்று ஒரு வரி. ஆய்வகப் பணியாளர்கள். பன்மை. யார் அந்த மற்றவர்கள், இந்தத் தெர்மாமீட்டரா?

இங்கே வந்து நின்றுவிடுகிறது, எப்போது யோசித்தாலும். நன்றி சொல்லவில்லை என்று கோபம், அந்தக் கோபத்தில் கொஞ்ச நேரம் ஓடலாம், வெயிலில் ஓடுகிற மாதிரி, பிறகு மூச்சு வாங்கும், வாங்கும்போது அந்தக் காகிதம் ஞாபகம் வரும். குப்பைத் தொட்டியில் அந்த வெள்ளை உருண்டைகளைத் தட்டிய பிறகு நான் ஒரு காகிதத்தைக் கசக்கி அதன்மேல் போட்டேன். ஏன் போட்டேன்? பிளாஸ்டர் கட்டியைக் குப்பையில் போட்டால் யாராவது மேலே காகிதம் போட்டு மூடுவார்களா? தெரியாது என்கிறேன், எனக்கு யாரும் சொல்லவில்லை என்கிறேன், கட்டியென்று நினைத்தேன் என்கிறேன், ஆனால் கை மூடியது. கைக்குத் தெரிந்திருக்கிறது. கைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாதா? துணியில் தங்கியதுதான் நானோ. பையன் டெல்லியிலிருந்து வரவழைத்து, பிரிட்ஜில் வைத்து, முகமூடி போட்டுக்கொண்டு நிறுத்துக் கொடுத்ததில் முக்கால்வாசியை நான் ஆணியும் சிம்பும் கிடக்கிற குப்பைத் தொட்டியில் போட்டு மூடினேன். ரெண்டு சதவீதம் என்று எழுதிய டப்பாவில் இருந்தது அரையோ, அரைக்கும் கீழோ, யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. யாரும் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. ஒருவராவது சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும், அவரைத் திட்டிக்கொண்டே செத்துப்போயிருக்கலாம். "உங்களுக்கு யாரையாச்சும் வையலைன்னா சோறு உள்ள இறங்காது" என்பாள் கலாவதி, தட்டைத் தள்ளிவைத்துக்கொண்டு, "இன்னைக்கு யாரு? காலேஜா, கவர்மென்ட்டா, என் தம்பியா?" நேற்றுக்கூட அவள் தம்பியைத்தான் வைதேன், அவன் ஓரமாகப் பஸ் ஓட்டிக்கொண்டு பிழைக்கிறான். யாருடைய கை தவறவில்லை என்று காட்ட வேண்டியிருந்தது எனக்கு? இருபத்தைந்து வயதுப் பையன் ஒருத்தனிடம், பப்ஸ் வாங்கிவந்தவனிடம்.

பன்னிரண்டு ஐந்து. தண்ணீரின் மேல் ஆடை மாதிரி மெழுகு மிதக்கிறது, அதன் வாசனை தொண்டையில் ஒட்டுகிறது. வழி இல்லாமலில்லை. இப்போதே இடுக்கியால் பெட்டியை எடுத்து, கிளாம்பைத் தளர்த்தி, தரையில் போட்டால் போதும். கிளாம்ப் வழுக்கிவிட்டது மேடம் என்றால் நம்புவார்கள், பழைய கிளாம்ப், மூன்று வருஷமாகப் புதியது கேட்டு எழுதியிருக்கிறேன். பாதி வெந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு, மறுபடி செய்கிறேன் என்று மேடத்தை அனுப்பிவிட்டு, டிராயரைத் திறந்து, துணியில் தட்டி, வெண்ணெய் மாதிரி கலந்து, நாச்சிமுத்துவுக்கு மெத்தை வைத்துக் கொடுத்துவிடலாம். வெள்ளிக்கிழமை கூவுவார். பூவன் நூத்தம்பது. இந்தச் சோதனைக்குச் சேர்த்திருக்கிற பத்து நோயாளிகளுக்கும் அப்படியே செய்யலாம், பத்தும் முத்தாக வரும், மேடம் எழுதுவார், மறுபடி அச்சாகும், ரெண்டு சதவீதம், மனிதர்களிலும் நிரூபணம். பிறகு எங்கோ மதுரையிலோ மங்களூரிலோ வேறொரு கல்லூரியில், டிராயரில் நைலக்ஸ் துணி இல்லாத ஒருவன், எழுதியபடியே நேர்மையாக ரெண்டு சதவீதம் கலப்பான், ஈர மணல், அவனுக்கும் கையில் நெரியும், தன் கைதான் தவறிவிட்டது என்று நினைப்பான். வாயில் மாட்டுவார்கள். புண்ணாகும். புண்ணானால் என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும், இருபத்தெட்டு வருஷமாக அந்தக் கேஸ் ஷீட்டுகள் என் மேசையைத் தாண்டித்தான் போகின்றன. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லை. வாய்ச் சுத்தம் போதாது. நோயாளி ஒத்துழைக்கவில்லை. லைனர் மோசம் என்று ஒருநாளும் ஒரு தாளிலும் நான் படித்ததில்லை. அந்த ஆளை உட்காரவைத்து, இனிப்பு சாப்பிடுகிறீர்களா, ராத்திரி கழற்றி வைக்கிறீர்களா, என்று திருடனைக் கேட்கிற மாதிரி கேட்பார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு இனிமேல் கழற்றிவைக்கிறேன் என்பார். நான் எழுந்தேன். இடுக்கியை எடுத்தேன். எதற்காக எடுத்தேன் என்று இப்போது கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது, போடுவதற்கா, காட்டுவதற்கா. பெட்டியைத் தூக்கிவிட்டேன், தண்ணீர் சொட்டுகிறது, கை நடுங்கவில்லை, அதுவும் எரிச்சலாக இருந்தது, இப்போதாவது நடுங்கினால் என்ன.

அப்போதுதான் வசுந்தரா மேடம் உள்ளே வந்தார், கையில் செல்போன். "சவுந்தரண்ணா, அதுக்குள்ள எடுத்துட்டீங்களா? இருங்க, அப்படியே பிடிங்க, ஒரு போட்டோ. முதல் பேஷன்ட் இல்லையா." நான் பெட்டியைப் பிடித்தபடி நின்றேன். அவர் போனைக் குறிவைத்தபடி சொன்னார், "இந்த பேப்பர்ல உங்க பேரையும் போடப்போறேன். போன தடவையே போட்டிருக்கணும், பவித்ரன் மறந்துட்டான், நானும் விட்டுட்டேன். எல்லாம் உங்க கை செஞ்சது." இந்த மனுஷிமேல் ஒன்றரை வருஷமாகக் கோபம் சேர்த்து வைத்திருந்தேன். அதை வைத்துக்கொண்டுதான் தினமும் இந்த அறைக்குள் வந்துகொண்டிருந்தேன். ஒரு வாக்கியத்தில் அதைப் பிடுங்கிக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பெட்டியை மேசைமேல் வைத்தேன், டங்கென்று சத்தம். "போடாதீங்க மேடம்."

"ஏண்ணா?"

"அந்த ரெண்டு சதவீதம், ரெண்டு சதவீதம் இல்ல. நான் சலிச்சேன். துணியில நின்னதைத் தூக்கிப் போட்டுட்டேன்."

அவர் போனைக் கீழே இறக்கவில்லை, கொஞ்ச நேரம் அதற்குள்ளேயே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லா குரூப்பையுமா?"

"அந்தப் பத்து மட்டும். மத்ததெல்லாம் கட்டி விழல."

"அப்ப அதுல எவ்வளவு இருந்துச்சு?"

"தெரியாது மேடம்."

"கால் பங்கா? பாதியா?"

"தெரியாது."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார், என் ஸ்டூல். முகம் வெளுத்திருந்தது. திட்டுவார் என்று நின்றேன், திட்டினால் பதில் வைத்திருந்தேன், நன்றிப் பக்கம், பன்மை, பழைய கிளாம்ப், எல்லாம் வரிசையாக நாக்கு நுனியில் நின்றன. அவர் என்னைத் திட்டவில்லை. "இன்னைக்குக் கலக்கும்போது நான் பக்கத்துல நின்னேனே. அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றார். பிறகு, "திறங்க" என்றார். ஆறவைத்துத் திறந்தேன். பிளாஸ்டரை உடைத்து எடுத்துக் கழுவி அவர் கையில் கொடுத்தேன். நகத்தால் அழுத்தினார். பாதி வேக்காட்டிலேயே பள்ளம் விழவேயில்லை. வெளிச்சத்தில் திருப்பினார், ஓட்டைகள் தெரிந்தன. "இதைச் சுரண்டிட்டு, பொடி எதுவும் இல்லாத சாதா லைனர் வச்சுக் குடுங்க அவருக்கு. நாளைக்கு. ட்ரையலை நிறுத்தறேன். பவித்ரனுக்கு நான் போன் பண்றேன்." கதவருகே போய் நின்றார். "அந்தப் பத்து சாம்பிளை மறுபடி செய்யணும். சலிக்காம. எப்படி வருதோ அப்படி." அசிங்கமா வரும் மேடம் என்றேன். "அந்த அசிங்கத்தைத்தான் ரெண்டு வருஷம் முன்னாடி நான் பார்த்திருக்கணும்" என்றார். இப்போது குரலில் கோபம் இருந்தது. "பேஷன்ட் கிட்ட நீங்களே சொல்லுங்க. எனக்கு இப்ப முடியாது."

நாச்சிமுத்து பெஞ்சில் கால்நீட்டி உட்கார்ந்திருந்தார். என் கையில் பல்செட்டைப் பார்த்ததும் எழுந்தார், துண்டுக்கு மேல் கண் இரண்டும் சிரித்தன. ஆயிடுச்சுங்களா என்றார். ஆகவில்லை என்றேன். நின்றபடியே சொன்னேன், சலித்தது, குப்பையில் போட்டது, இன்று வந்தது, எல்லாவற்றையும். மருத்துவச் சொல் ஒன்றையும் சேர்க்கவில்லை, சேர்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கையை நீட்டினார். பல்செட்டைக் கொடுத்தேன். வாழைத்தார் காம்பைத் தடவிப் பார்க்கிற மாதிரி கட்டைவிரலால் அடிப்பக்கம் முழுக்க மெதுவாகத் தடவினார், ஓட்டைகளில் விரல் நின்று நின்று போனது.

"இதையவா என்ர வாயில வைக்க இருந்தீங்க?"

"ஆமாங்க."

"தெரிஞ்சேவா?"

"கலக்கறப்பவே தெரியும்."

துண்டு வாயிலிருந்து நழுவியிருந்தது. அவர் அதை எடுத்து மூடிக்கொள்ளவில்லை. பல்லில்லாத அந்த வாய் திறந்தபடி இருந்தது, உள்ளே ஈறு சிவந்து, விளிம்பில் பழைய புண்ணின் வெள்ளை வடு. "புண்ணாயிருந்தா?"

"உங்க சர்க்கரைன்னு சொல்லியிருப்போம்."

அவர் என்னை வைவார் என்று நினைத்தேன். ஏலக்காரர், மண்டியையே அதட்டுகிற தொண்டை, ஒரு வார்த்தை போதும், நான் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவேன். அவர் பல்செட்டை என் உள்ளங்கையில் வைத்தார். வைக்கவில்லை, அழுத்தினார், பற்கள் தோலில் பதிந்தன.

"நாளைக்கு வாறேன். ஆனா நீங்க செய்யாதீங்க. வேற யாரையாச்சும் செய்யச் சொல்லுங்க."

"இங்க நான் ஒருத்தன்தானுங்க. வேற ஆள் இல்ல."

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தரையைப் பார்த்துக்கொண்டு துண்டை மடியில் போட்டு நாலாக மடித்தார். உள்ளே தொட்டியை அணைக்காமல் வந்திருக்கிறேன் என்று தெரிந்தும் நான் நகராமல் நின்றேன்.

"அப்ப நாளைக்கு நேரமே வந்தர்றேன்" என்றார், என்னைப் பார்க்காமல். "உங்க பக்கத்துலயே உக்காந்து பாக்கோணும்."